7,000 லிட்டர் கணக்கு

வாருங்கள், முதலில் ஒரு பெருக்கல் கணக்கு போடலாம்.

உங்கள் அம்மா நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அப்போது அவருடைய இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 தடவை துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் சுமார் 70 மில்லி ரத்தத்தை வெளியே தள்ளும். டீக்கடை கிளாஸில் முக்கால்வாசி அளவு. எழுபதை எழுபதால் பெருக்கினால் 4,900 மில்லி. அதைத் தோராயமாக 5 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர். ஒரு நாளைக்கு 7,200 லிட்டர்!

இங்கேதான் இடிக்கிறது. பெரியவர் ஒருவரின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். பிறகு எப்படி 7,200 லிட்டர்? அவ்வளவும் தினமும் புதிதாக ஊறுகிறது என்றால், அதற்கு வேண்டிய சரக்கு எங்கிருந்து வரும்? நாம் ஒரு நாளில் சாப்பிடுவது, குடிப்பது எல்லாவற்றையும் தராசில் வைத்தாலும் நாலைந்து கிலோவைத் தாண்டாதே!

"அதே ரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது" என்று நீங்கள் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். உங்கள் பாடப் புத்தகத்திலேயே அது இருக்கிறது. ஆனால் 400 ஆண்டுகளுக்கு முன்பு இந்த விடையைச் சொன்ன மருத்துவரைப் பார்த்து, "இவருக்கு மூளை குழம்பிவிட்டது" என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். அவர் அதைக் கண்டுபிடித்ததும் இதே மாதிரி ஒரு பெருக்கல் கணக்கை வைத்துத்தான்.

கேலன் சொன்னால் மறுபேச்சு இல்லை

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்று ஒரு கிரேக்க மருத்துவர் இருந்தார். ரோமப் பேரரசர்களுக்கே வைத்தியம் பார்த்தவர். குரங்குகளையும் பன்றிகளையும் அறுத்துப் பார்த்து உடம்பைப் பற்றி நிறைய எழுதினார். நாம் சாப்பிடும் உணவு கல்லீரலுக்குப் போய் ரத்தமாக மாறுகிறது, அங்கிருந்து உடம்பு முழுக்கப் போகிறது, போன இடத்திலேயே செலவாகித் தீர்ந்துவிடுகிறது என்பது அவர் கருத்து. இதயத்தின் வலது பக்கத்தையும் இடது பக்கத்தையும் பிரிக்கும் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியே ரத்தம் கசிகிறது என்றும் எழுதினார்.

அந்தத் துளைகளை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் ஐரோப்பாவில் இதுதான் பாடம். கேலன் சொல்லிவிட்டார் அல்லவா!

நடுவில் ஒருவர் மறுத்தார். 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோ நகரில் வாழ்ந்த இப்னு அல் நஃபீஸ் என்ற அரபு மருத்துவர், "நடுச்சுவர் கெட்டியானது, அதில் துளையே கிடையாது. வலப்பக்க ரத்தம் நுரையீரலுக்குப் போய்த்தான் இடப்பக்கம் வர முடியும்" என்ற கருத்தை எழுதி வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி பெர்லின் நூலகம் ஒன்றில் கிடப்பதை 1924இல்தான் ஓர் எகிப்திய மருத்துவர் கவனித்தார்.

இனி நம் கணக்கு வாத்தியாருக்கு வருவோம். அவர் பெயர் வில்லியம் ஹார்வி. இங்கிலாந்துக்காரர். இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துவிட்டு லண்டன் திரும்பினார். பிறகு அரசர்களுக்கும் மருத்துவரானார். நாய், பாம்பு, இறால் என்று கிடைத்த உயிரினங்களின் இதயத்தையெல்லாம் பார்த்தார். பிறகு கணக்குப் போட்டார். ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தத்தின் அளவை வேண்டுமென்றே மிகவும் குறைத்து வைத்துக்கொண்டார். அப்படியும், அரை மணி நேரத்தில் வெளியேறும் ரத்தம் உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தையும் மிஞ்சியது. கல்லீரல் எவ்வளவுதான் பாடுபட்டாலும் இத்தனை ரத்தத்தைத் தயாரிக்க முடியாது. போன ரத்தம் திரும்பி வந்தாக வேண்டும்.

1628இல் ஹார்வி இதை லத்தீன் மொழியில் 72 பக்கச் சின்னப் புத்தகமாக வெளியிட்டார். அதற்குப் பிறகு அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களின் கூட்டம் குறைந்துவிட்டது.

தாத்தாவின் கையில் ஒரு சோதனை

ஹார்வியிடம் இன்னொரு சான்றும் இருந்தது. அதை நீங்களே செய்து பார்க்கலாம். கை நரம்பு புடைத்துத் தெரிகிற தாத்தா, பாட்டி, மாமா யாராவது ஒருவரிடம் அனுமதி கேளுங்கள். நாம் பேச்சுவழக்கில் நரம்பு என்று சொல்லும் அந்தப் பச்சைக் கோடுகள் உண்மையில் சிரைகள். அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்கள்.

தாத்தா கையைச் சற்று நேரம் தொங்கப்போடட்டும். சிரைகள் நன்றாகப் புடைக்கும். மணிக்கட்டுப் பக்கம் ஒரு சிரையின் மேல் உங்கள் ஆள்காட்டி விரலை அழுத்தி வையுங்கள். அந்த விரலை எடுக்காமல், இன்னொரு விரலால் அதே சிரையை முழங்கைப் பக்கமாக மெதுவாக வழித்துவிடுங்கள். பிறகு மேல் விரலை எடுத்துவிடுங்கள். வழித்த இடத்தில் கொஞ்ச தூரம் சிரை அமுங்கிக் காலியாகவே கிடக்கும். மேலே ரத்தம் நிறைந்து நின்றாலும் கீழே இறங்காது. அது நிற்கிற இடத்தில் சின்ன முடிச்சு மாதிரி புடைப்பு தெரியும். இப்போது மணிக்கட்டு விரலை எடுங்கள். கீழிருந்து ரத்தம் சரசரவென்று ஏறிச் சிரை நிரம்பிவிடும். முதல் தடவையே சரியாக வராவிட்டால் வேறு சிரையில் முயலுங்கள்.

அந்த முடிச்சு இருக்கும் இடத்தில்தான் வால்வு இருக்கிறது. ஹார்வியின் ஆசிரியர் ஃபாப்ரிசியஸ் அந்த வால்வுகளைப் பார்த்து, படமும் வரைந்திருந்தார். ஆனால் ரத்தம் கை கால்களுக்கு ஒரேயடியாகப் பாய்ந்துவிடாமல் அவை தடுக்கின்றன என்று நினைத்துவிட்டார். வால்வுகள் எல்லாம் இதயத்தைப் பார்த்தே திறக்கின்றன என்பது மாணவர் கண்ணில் பட்டது. கையிலும் அப்படித்தான், காலிலும் அப்படித்தான். இந்தக் குழாய்களில் ரத்தம் ஒரே திசையில்தான் போக முடியும்.

ரத்த ஓட்டம் முழுவதையும் புரிந்துகொள்ள "ஒரே திசை" என்ற இந்த ஒரு விஷயம் போதும். இதயத்தில் வரும் பல கோளாறுகளும் இதிலிருந்தே புரியும்.

ஒரு சிவப்பணுவுடன் ஒரு சுற்று

அடிபம்பு அடித்திருக்கிறீர்களா? கைப்பிடியை அமுக்கினால் தண்ணீர் மேலே ஏறுகிறது. கைப்பிடியைத் தூக்கும்போது ஏறிய தண்ணீர் கீழே போய்விடாமல் உள்ளே இருக்கும் வால்வு மூடிக்கொள்கிறது. வாசர் தேய்ந்துவிட்டால் நீங்கள் எத்தனை அடி அடித்தாலும் தண்ணீர் நழுவிக் கீழேயே போய்விடும். இதயமும் ஒரு பம்புதான். ஆனால் ஒன்றல்ல, ஒட்டிப் பிறந்த இரண்டு பம்புகள். வலது பம்பு நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புகிறது. இடது பம்பு உடம்பு முழுக்க அனுப்புகிறது.

ஒவ்வொரு பம்பிலும் மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை. மேலறை ஆரிக்கிள், கீழறை வெண்ட்ரிக்கிள். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒரு வால்வு, கீழறையின் வாசலில் இன்னொரு வால்வு. ஆக மொத்தம் நான்கு அறைகள், நான்கு வால்வுகள். பெரியவர்களுக்கு இதயம் மூடிய கைமுட்டி அளவில், சுமார் 300 கிராம் எடையில் இருக்கும்.

கால் கட்டைவிரலில் ஆக்சிஜனைக் கொடுத்து முடித்த ஒரு சிவப்பணுவைப் பின்தொடர்வோம். அது சிரை வழியாக மேலே ஏறி, வலது மேலறைக்கு வருகிறது. மூவிதழ் வால்வு திறக்கிறது. வலது கீழறைக்குள் விழுகிறது. கீழறை சுருங்கியதும் மூவிதழ் வால்வு மூடிக்கொள்கிறது. வந்த வழியே திரும்ப முடியாது. நுரையீரல் தமனிக்குள், அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்க்குள், போயே ஆக வேண்டும். நுரையீரலில் கரியமில வாயு வெளியேறுகிறது. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஏறிக்கொள்கிறது. அங்கிருந்து இடது மேலறை. பிறகு ஈரிதழ் வால்வைக் கடந்து இடது கீழறை.

நான்கு அறைகளில் பலசாலி இந்த இடது கீழறைதான். அதன் சுவர் வலது கீழறையின் சுவரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு அனுப்ப வலது பக்கத்துக்கு அதிக பலம் தேவையில்லை. தலை உச்சிக்கும் கால் நுனிக்கும் அனுப்ப வேண்டியது இடது பக்கம் அல்லவா? அது ஒரு அமுக்கு அமுக்கினால் ரத்தம் பெருந்தமனிக்குள் பாயும்.

பெருந்தமனி கிளை பிரிந்து கிளை பிரிந்து கடைசியில் தந்துகி என்ற மெல்லிய குழாய்களாகிறது. சில தந்துகிகள் சிவப்பணுவை விடவும் ஒடுக்கமானவை. சிவப்பணுக்கள் வரிசையில் ஒவ்வொன்றாக, உடம்பை மடக்கி நெளித்துக்கொண்டுதான் உள்ளே நுழையும். தமனியில் போன ரத்தம் சிரைக்கு எப்படி மாறுகிறது என்பதை ஹார்வியால் கடைசிவரை பார்க்க முடியவில்லை. அவர் 1657இல் இறந்தார். 1661இல் இத்தாலியரான மால்பிகி ஒரு தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். இரண்டையும் இணைக்கும் தந்துகிகள் அங்கே தெரிந்தன. ஹார்வி கணக்குப் போட்டுச் சொன்ன வழி கண்ணுக்கே தெரிந்துவிட்டது.

இந்த முழுச் சுற்றுக்கும் ஆகும் நேரம், நீங்கள் சும்மா இருக்கும்போது, சுமார் ஒரு நிமிடம். ஒரு சிவப்பணு இப்படி ஏறக்குறைய 120 நாட்கள் சுற்றிவிட்டு ஓய்வு பெறும். எலும்பு மஜ்ஜை புதியதை அனுப்பும்.

லப் டப் சத்தம் யார் போடுவது?

இதயம் லப் டப், லப் டப் என்று அடிப்பதாகச் சொல்கிறோம். அந்தச் சத்தம் வால்வுகள் மூடும் சத்தம். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள இரண்டு வால்வுகள் ஒன்றாக மூடும்போது "லப்". கீழறைகளின் வாசல் வால்வுகள் இரண்டும் மூடும்போது "டப்". வால்வு சரியாக மூடாவிட்டால் நடுவே "உஸ்ஸ்" என்று ரத்தம் கசியும் சத்தமும் சேர்ந்து வரும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக் கேட்பது இதைத்தான்.

ஸ்டெதாஸ்கோப் பிறந்தது 1816இல், பாரிஸ் நகரில். அதுவரை டாக்டர்கள் நோயாளியின் மார்பில் காதை வைத்துக் கேட்பார்கள். ஒரு பெண் நோயாளியிடம் அப்படிக் கேட்கக் கூச்சப்பட்ட லெனெக் என்ற மருத்துவர், சில தாள்களை இறுக்கிச் சுருட்டி ஒரு முனையை அவர் மார்பிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். காதை நேரடியாக வைத்தால் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது! கெட்டி அட்டையைக் குழாயாகச் சுருட்டி உங்கள் நண்பரின் மார்பில், நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

நாடித் துடிப்பையும் எண்ணலாம். மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர்கீழே இரண்டு விரல்களை வையுங்கள். எண்ணுவதற்குக் கட்டைவிரலைப் பயன்படுத்த வேண்டாம். அதற்குள்ளேயே ஒரு துடிப்பு இருப்பதால் கணக்கு குழம்பிவிடும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பிறகு ஸ்கிப்பிங் ஆடிவிட்டு மறுபடி எண்ணுங்கள். வித்தியாசம் தெரியும்.

துடிக்கச் சொல்லி இதயத்துக்கு உத்தரவு போடுவது யார்? வலது மேலறையின் சுவரிலேயே ஒரு சின்னத் தசைக் கணு இருக்கிறது. அது தானாகவே மின் தூண்டலை உண்டாக்கி இதயம் முழுக்க அனுப்புகிறது. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே மூளை சொல்லும். கணு சோர்ந்துபோனால் தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் என்ற சின்னக் கருவியை வைத்து அந்த வேலையைச் செய்ய வைப்பார்கள். ஸ்வீடனில் 1958இல் முதன்முதலாக இப்படிக் கருவி பொருத்திக்கொண்டவர், அதன் பிறகு 43 ஆண்டுகள் வாழ்ந்தார்.

வால்வு கெட்டால்…

பஸ் கண்டக்டர், போக்குவரத்துக் காவலர், ஜவுளிக்கடை அக்கா. இவர்களெல்லாம் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள். காலில் இருக்கும் ரத்தம் மேலே ஏறுவதற்குக் கெண்டைக்கால் தசை சுருங்கிப் பிழிந்துவிட வேண்டும். நடந்தால் அது நடக்கும். அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கிச் சிரை விரியும். விரிந்த சிரையில் வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மூடாது. ரத்தம் கீழே இறங்கி மேலும் தேங்கும். சிரை நெளிந்து முறுக்கிக்கொள்ளும். ஊரில் "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்பார்கள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே கொண்டுவந்தார்கள்.

இதயத்தின் வால்வு கெடுவது இதைவிடப் பெரிய தொந்தரவு. அதற்கு ஒரு காரணம் உங்கள் வயதுப் பிள்ளைகளைத்தான் தேடி வரும். அது தொண்டை வலி! எல்லாத் தொண்டை வலியும் அல்ல. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகையால் வருவது. 5 முதல் 15 வயது வரை இது அதிகம். சிகிச்சை எடுக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் சொந்தப் பாதுகாப்பு ஆற்றலே ஆள் மாறாட்டம் செய்து மூட்டையும் இதய வால்வையும் தாக்கும். மூட்டு சரியாகிவிடும். வால்வில் ஏற்பட்ட தழும்பு தங்கிவிடும். இதற்கு ருமாட்டிக் இதய நோய் என்று பெயர். பெனிசிலின் மருந்தை வேளைக்கு எடுத்தால் இதைத் தடுக்கலாம். அதனால் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் வீட்டில் மறைக்காதீர்கள். டாக்டர் கொடுக்கும் மாத்திரையை, வலி நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

அடியோடு கெட்டுப்போன வால்வுக்குப் பதில் செயற்கை வால்வு வைக்கலாம். ஒரு காலத்தில் இவை வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும், விலையோ அதிகம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானும் அவருடைய குழுவினரும் நம் நாட்டிலேயே செய்வோம் என்று இறங்கினார்கள். வால்வு என்றால் சும்மாவா? ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 கோடி தடவை திறந்து மூட வேண்டும். தேயக்கூடாது, உடையக்கூடாது, அதன் மேல் ரத்தம் உறையக்கூடாது. மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது வெற்றி பெற்றது. 1990இல் அது முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்றுவரை பல்லாயிரம் பேர் மார்பில் சித்ரா வால்வு "டிக் டிக்" என்று வேலை செய்கிறது.

நடுச்சுவரில் உண்மையாகவே துளை இருந்தால்…

கேலன் சொன்ன துளைகள் இல்லை என்று பார்த்தோம். ஆனால் சில குழந்தைகள் நடுச்சுவரில் துளையோடு பிறக்கிறார்கள். பிறக்கும் குழந்தைகளில் சுமார் 100க்கு ஒருவருக்கு இதயத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கும். பல துளைகள் தாமாகவே மூடிக்கொள்ளும். சிலவற்றை டாக்டர்கள் மூட வேண்டும்.

ஒரு வகைக் குறையில், துளையோடு நுரையீரலுக்குப் போகும் பாதையும் குறுகியிருக்கும். ஆக்சிஜன் ஏறாத ரத்தம் அப்படியே உடம்புக்குப் போகும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாசிக் என்ற குழந்தை மருத்துவர் இந்தப் பிள்ளைகளைக் கவனித்துவந்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. விரல்களை மார்பில் வைத்தே இதயத்தின் கோளாறை உணர்வார். நுரையீரலுக்குப் புதுப் பாதை ஒன்று போட முடியுமா என்று அறுவை சிகிச்சை நிபுணர் பிளாலாக்கிடம் கேட்டார்.

அந்தப் பாதையை ஆய்வுக்கூடத்தில் நாய்களிடம் செய்து பார்த்து, முறையை வகுத்தவர் விவியன் தாமஸ். கறுப்பினத்தைச் சேர்ந்த தச்சர் மகன். டாக்டராக ஆசைப்பட்டும் கல்லூரி போகப் பணமில்லாதவர். 1944 நவம்பர் 29 அன்று, கைக்குப் போகும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியோடு இணைக்கும் அறுவை சிகிச்சை முதன்முதலாக ஒரு குழந்தைக்கு நடந்தது. கத்தி பிளாலாக்கின் கையில். அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியின் மேல் நின்று, எங்கே எப்படித் தைப்பது என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் தாமஸ். இந்த முறையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தார்கள். தாமஸுக்கு 1976இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

அழுத்தமும் அடைப்பும்

தாத்தாவுக்கு பி.பி. என்று வீட்டில் பேசுவார்கள். ரத்தம் தமனிச் சுவரை எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பதன் அளவு அது. இதை முதலில் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். ஒரு குதிரையின் தமனியில் நீளமான கண்ணாடிக் குழாயைச் செங்குத்தாகப் பொருத்தினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் உயர்ந்தது! 1733இல் அதை வெளியிட்டார். நல்லவேளை, இப்போது கையில் ஒரு பட்டையைச் சுற்றி அளந்துவிடுகிறார்கள்.

120க்கு 80 என்றால், இதயம் சுருங்கும்போது 120, தளரும்போது 80. இது வருடக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் தமனிச் சுவர்கள் விறைத்துச் சேதமாகும். மூளையில் குழாய் வெடிக்கலாம், அடைக்கலாம். பெரும்பாலும் எந்த வலியும் தெரியாது. அளந்து பார்த்தால்தான் உண்டு. உப்பு அழுத்தத்தைக் கூட்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் சிப்ஸில் இருக்கும் உப்பும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

அடுத்து அடைப்பு. இதயத்துக்குள் எப்போதும் ரத்தம் நிறைந்திருந்தாலும், இதயத் தசை அதிலிருந்து நேரடியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதில்லை. பெருந்தமனியின் அடியிலிருந்து புறப்படும் இரண்டு தமனிகள் இதயத்தின் மேல் படர்ந்து ரத்தம் தருகின்றன. மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம்தான். அவற்றின் சுவருக்குள் கொழுப்பு படியத் தொடங்கினால் வழி குறுகும். ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அங்கே ரத்தம் உறைந்து வழி மொத்தமாக அடைத்துக்கொண்டால் அதுதான் மாரடைப்பு. இது வயதானவர்கள் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். கொரியப் போரில் இறந்த அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களைப் பரிசோதித்து 1953இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களின் சராசரி வயது 22தான். ஆனால் பெரும்பாலோரின் தமனிகளில் படிவு ஆரம்பித்திருந்தது. புகை, உட்கார்ந்தே இருப்பது, சர்க்கரை நோய், உயர் அழுத்தம் எல்லாம் அதை விரைவாக்கும். உங்கள் வயதில் தினமும் ஒரு மணி நேரம் ஓடியாடுவது அதைத் தள்ளிப்போடும். கிரவுண்டுக்குப் போகக் கேட்கும்போது இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லலாம்.

அடைப்பு எங்கே என்று தெரிய இதயம் வரை குழாய் விட வேண்டும். அதற்குத் துணிந்த முதல் ஆள் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற 25 வயது ஜெர்மன் மருத்துவர். 1929இல், மேலதிகாரி கூடாது என்று சொல்லியும், தன் முழங்கைச் சிரையில் 65 சென்டிமீட்டர் ரப்பர் குழாயை நுழைத்தார். அப்படியே மாடிப்படி இறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்தார். குழாயின் முனை இதயத்தில் இருப்பது படத்தில் தெரிந்தது! சிரை வழியாக ரத்தம் போகும் திசையிலேயே போனால் கடைசியில் இதயம்தானே வரும்? ஹார்வியின் பாடம் அது. 1956இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நீங்கள் இதையெல்லாம் வீட்டில் முயலக்கூடாது!

இன்று அடைத்த இடத்துக்குக் குழாயை அனுப்பி, அதன் நுனியில் உள்ள பலூனை ஊதி, ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்து வழியைத் திறக்கிறார்கள். இல்லையென்றால் பைபாஸ். இந்தியாவில் இதயத் தமனிக்கான முதல் பைபாஸ், சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975இல் டாக்டர் கே.எம். செரியன் தலைமையில் நடந்தது. காலிலிருந்து ஒரு சிரைத் துண்டை எடுத்து, அடைப்பைத் தாண்டிப் புதுப்பாதையாகத் தைப்பது அதில் ஒரு முறை. அந்தத் துண்டைத் தைக்கும் முன் டாக்டர் ஒரு காரியம் செய்வார். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிப்பார். ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். சிரைக்குள் வால்வு இருக்கிறதே! திருப்பாமல் தைத்தால் அது ரத்தத்தை மறித்துக்கொண்டு நிற்கும்.

108

நெஞ்சு நடுவில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல். வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், "வாயுதான், ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும்" என்று படுத்துக்கொள்வார்கள். வாயுவாகவும் இருக்கலாம்தான். அதை ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். அடைபட்ட தமனியால் பட்டினி கிடக்கும் இதயத் தசை, நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். போன தசை திரும்ப வளராது. நீங்கள் செய்ய வேண்டியது, ஆம்புலன்ஸுக்கு 108ஐ அழைப்பது. இலங்கையில் இருந்தால் 1990ஐ.

ஒருவர் திடீரென்று மயங்கி விழுந்து, கூப்பிட்டால் பதிலில்லை, மூச்சும் சரியாக வரவில்லை என்றால் இதயம் நின்றிருக்கலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தி அழுத்தி விட வேண்டும். இதற்கு சி.பி.ஆர். என்று பெயர். நின்றுபோன இதயத்தை வெளியிலிருந்து அழுத்தினால் என்ன நடக்கும்? துடிப்பு நின்றாலும் வால்வுகள் அங்கேதான் இருக்கின்றன. வெளியேறும் ரத்தம் பின்னால் போகாமல் அவை மூடிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு அழுத்துக்கும் கொஞ்சம் ரத்தம் மூளைக்குப் போகும். அழுத்துவதற்கு ஓர் ஆள்தான் வேண்டும்.

12 வயதிலிருந்து பள்ளிகளில் ஆண்டுக்கு 2 மணி நேரம் இதைக் கற்றுத்தரலாம் என்ற திட்டத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் ஒப்புதல் தந்தது. உங்கள் பள்ளியில் கற்றுத் தருகிறார்களா? இல்லையென்றால் அறிவியல் டீச்சரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனையிலிருந்தோ ஆம்புலன்ஸ் ஊழியர்களிடமிருந்தோ யாரையாவது ஒருநாள் வரவழைத்து, பொம்மையின் மேல் செய்து பழகலாம். இரண்டு மணி நேரப் பாடம்தான்.